ஓய்வுக்குப் பிறகு பழசை எழுதப் போகிறீர்களா? வருடத்தில் தொடங்க வேண்டாம்

பணி ஓய்வு பெற்ற நிறையப் பேர் ஆசையாக ஒரு நோட்டு வாங்குகிறார்கள். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, பெற்றோர் பெயர். அடுத்த பக்கத்தில் படித்த பள்ளிகள் வரிசையாக. அதற்கடுத்த பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள், பதவி உயர்வு கிடைத்த வருடங்கள். அங்கேயே பேனா நின்றுவிடும். "எனக்கு எழுத வராது", "எல்லாம் மறந்துபோச்சு" என்று நோட்டை அலமாரியில் வைத்துவிடுவார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அவர்களுக்கு எதுவுமே மறந்திருக்காது, அதே ஆள் மறுநாள் பழைய நண்பரைப் பார்த்தால் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். தொடங்கிய இடம்தான் சரியில்லை.

நம் ஞாபகம் தேதி வாரியாக அடுக்கி வைக்கப்பட்டதல்ல. வில்லெம் வாகனார் என்ற டச்சு உளவியல் அறிஞர் இதைத் தன்னையே வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஆறு வருடத்தில் தன் வாழ்க்கையில் நடந்த சுமார் 2,400 நிகழ்ச்சிகளைக் குறித்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், எங்கே, எப்போது என்று நான்கு குறிப்புகள். பிறகு அதில் ஏதாவது ஒரு குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு மற்றவை நினைவுக்கு வருகிறதா என்று பார்த்தார். 1986-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நினைவைக் கிளப்புவதில் "என்ன நடந்தது" என்பதுதான் முதலிடம். யார், எங்கே என்பவையும் ஓரளவு உதவின. "எப்போது" என்பது தனியாக இருந்தால் கிட்டத்தட்ட எதற்கும் உதவவில்லை. நம்மில் பலர் நோட்டை எடுத்ததும் முதலில் கையில் எடுப்பது அந்த உதவாத குறிப்பைத்தான்.

அதனால் ஒரு காரியத்தில் தொடங்குங்கள். நீங்கள் கையால், காலால் செய்த ஏதோ ஒன்று. பேனாவுக்கு மை ஊற்றியது. பிரேயரில் வரிசையில் நின்றது. வீட்டுப்பாடம் செய்யாத நாளில் எந்த வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனீர்கள் என்பது. அதை மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள், போதும். அது நடந்த வருடம் தெரிந்தால் மூலையில் போட்டுக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் "ஏழாவதோ எட்டாவதோ" என்று எழுதுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று, தைத்த நோட்டு வேண்டாம். தனித்தனித் தாளில் எழுதி ஒரு கோப்பில் போடுங்கள், அல்லது போனில் ஒவ்வொரு நினைவுக்கும் தனிக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் வரும் வரிசை வேறு, வாழ்க்கை நடந்த வரிசை வேறு; அடுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தடவைக்கு இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். ஒரே நாளில் பத்துப் பக்கம் எழுதிவிட்டு ஒரு மாதம் தொடாமல் இருப்பதைவிட அது நல்லது. ஏனென்றால் ஒன்றை எழுதிவிட்டு எழுந்த பிறகு, குளிக்கும்போதோ நடக்கும்போதோ அதோடு ஒட்டிக்கொண்டிருந்த இன்னொன்று தானாக மேலே வரும். மறுநாள் அதை எழுத வேண்டியதுதான்.

பள்ளி நாட்கள்

இது எல்லோருக்கும் எளிதாக வரும் பகுதி, அதற்குக் காரணமும் இருக்கிறது. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்த பல ஆய்வுகளில், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் மற்ற வயதுகளைவிட மிக அதிகமாக வந்தன. முதல் சைக்கிள், முதல் நட்பு, முதல் தோல்வி, முதல் சம்பளம் எல்லாம் அந்த இருபது வருடத்துக்குள் வந்துவிடுகின்றன, நாம் யார் என்று நாமே முடிவு செய்துகொள்வதும் அப்போதுதான். ஆகவே எழுத ஆரம்பித்தால் பள்ளிக்கூடம் மட்டுமே பக்கம் பக்கமாக ஓடும். ஓடட்டும், தடுக்காதீர்கள்.

பள்ளிக் குழுப் படம் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஹாரி பாரிக்கும் அவருடைய குழுவினரும் 1975-ல் வெளியிட்ட ஆய்வில் 392 பேரிடம் பள்ளித் தோழர்களைப் பற்றிக் கேட்டார்கள். சும்மா பெயர்களைச் சொல்லச் சொன்னபோது, வருடம் ஆக ஆக மிகவும் தடுமாறினார்கள். ஆனால் படத்தைக் காட்டி இவர் உங்களோடு படித்தவரா என்று கேட்டபோது, பள்ளியை விட்டு 35 வருடம் ஆனவர்கள்கூடப் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னார்கள். அதாவது முகங்கள் உள்ளேயே இருக்கின்றன, கதவைத் தட்ட ஒரு படம் வேண்டும். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகத்தின் மேலும் சற்று நேரம் நின்று, பெயர் வராவிட்டாலும் "கணக்குப் பாடத்தில் முதலாவதாக எழுந்து நிற்பான்", "தலையில் எப்போதும் எண்ணெய் வழியும்" என்று வருவதை எழுதிக்கொண்டே போங்கள். பெயர் பெரும்பாலும் அதன் பின்னால் வரும்.

படம் இல்லாதவர்கள் பள்ளியின் வரைபடம் போடலாம். வாசல், மணி தொங்கிய இடம், தலைமை ஆசிரியர் அறை, குடிநீர்க் குழாய், உங்கள் வகுப்பு, உங்கள் பெஞ்சு. ஓவியம் வர வேண்டிய அவசியமில்லை, கட்டம் கட்டமாகப் போட்டால் போதும். பென்சில் குழாயடிக்கு வந்ததும் அங்கே நடந்த சண்டை ஞாபகம் வரும்.

அப்புறம் பழைய தோழருக்குப் போன் போடுங்கள். இதில் ஒரு முறை இருக்கிறது. "அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கே!" என்று சிரித்துவிட்டு முடித்துவிடுவார். உங்கள் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால் அவர் தலையாட்டுவார், அடுத்த வாரம் அதே கதையைத் தன் ஞாபகமாகவே சொல்லவும் கூடும். நினைவு அவ்வளவு இளகியது. இரட்டையர்களிடம் நடத்தி 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே சம்பவத்தை இருவருமே "அது எனக்குத்தான் நடந்தது" என்று உறுதியாகச் சொன்னது பதிவாகியிருக்கிறது. எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-ல் வெளியிட்ட ஆய்விலோ, சிறு வயதில் கடைவளாகத்தில் தொலைந்து போனதாக ஒரு பொய்க் கதையைக் குடும்பத்தார் சொன்னதுபோல் எழுதிக் காட்டியதும், 24 பேரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் அதை முழுதாகவோ அரைகுறையாகவோ தங்களுக்கு நடந்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். எனவே முதலில் உங்கள் தரப்பை எழுதி முடித்துவிடுங்கள், பிறகு போன் செய்யுங்கள், கேள்வியைத் திறந்தபடி விடுங்கள். அந்த வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தோம்? ஆண்டு விழாவன்று நீ என்ன செய்தாய்? அவர் சொல்வது உங்களுடையதோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள், பக்கத்தில் யார் சொன்னது என்று போடுங்கள். யார் சரி என்று தீர்க்க உட்கார்ந்தால் நட்புக்குத்தான் கேடு.

மறந்தே போனது என்று கைவிட்டதும் இப்படித் திரும்பலாம். வாகனார் சுத்தமாக மறந்துவிட்டதாக நினைத்த சில நிகழ்ச்சிகள்கூட, அப்போது உடனிருந்தவர்கள் கூடுதலாக ஏதாவது சொன்னதும் அவருக்கு நினைவுக்கு வந்தன.

பள்ளி நாட்களைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. கசப்பான உணர்வு இனிப்பான உணர்வைவிட வேகமாக மங்குகிறது என்பது உளவியலில் பலமுறை பார்க்கப்பட்ட ஒன்று. "அந்தக் காலம் பொற்காலம்" என்று எல்லாரும் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. பிரம்படி வாங்கியதும், தேர்வில் தோற்ற நண்பன் அடுத்த வருடம் வராமலே போனதும், ஃபீஸ் கட்டாதவர்களை எழுப்பி நிற்க வைத்ததும் அதே பள்ளியில்தான் நடந்தன. முதல் பெஞ்சில் இருந்த நண்பரோடு கடைசி பெஞ்சில் இருந்தவரையும் விசாரியுங்கள், பள்ளி முழுசாக வரும்.

வேலை

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், இங்கேதான் எழுத வேண்டியது அதிகமாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பதவிகளின் பட்டியலும் விருதுகளும் யாருக்கும் பெரிதாக வேண்டாம். அவை பணிப் பதிவேட்டிலேயே இருக்கும். எங்குமே எழுதப்படாமல் உங்களோடு போய்விடக்கூடியது, அந்த வேலையை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதுதான்.

ஒரு தட்டச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். "முப்பது வருடம் தட்டச்சராக இருந்தேன்" என்று எழுதினால் அது ஒரு வரி. ஆனால் ஒரே கடிதத்துக்கு நான்கு பிரதி வேண்டுமென்றால் என்ன செய்தார்? மேலே ஒரு நல்ல தாள், அதன் கீழே கார்பன், அதன் கீழே மெல்லிய தாள், மறுபடி கார்பன் என்று அடுக்கி, மை உள்ள பக்கம் கீழே பார்த்திருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்து, மேசையில் தட்டி விளிம்பைச் சமமாக்கி, நழுவாமல் உருளையில் செருகுவார். கீழ்ப்பிரதி தெளிவாக விழ வேண்டும் என்பதால் விசையை வழக்கத்தைவிட அழுத்தி அடிப்பார். ஒரு எழுத்து தப்பிவிட்டால், ஒவ்வொரு கார்பனுக்கும் அதன் கீழுள்ள தாளுக்கும் நடுவே துண்டுக் காகிதம் நுழைத்து, நான்கு தாளிலும் தனித்தனியாக ரப்பரால் அழித்து, காகிதங்களை உருவிவிட்டு, அதே இடத்துக்கு உருளையைக் கொண்டுவந்து சரியான எழுத்தை அடிப்பார். துண்டுக் காகிதத்தில் ஒன்றை உருவ மறந்தால் கீழே உள்ள பிரதியில் அந்த எழுத்து விழாது. இப்போது பாருங்கள், அந்த மனிதர் ஏன் அடிப்பதற்கு முன்பே வாக்கியத்தை முழுசாகப் படித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவராக ஆனார் என்பது சொல்லாமலே புரிகிறது. வேலையின் நுணுக்கத்தை எழுதினால் ஆளின் குணம் தானாக வந்துவிடும்.

ஓட்டுநர், செவிலியர், கணக்கர், ஆசிரியர், தொலைபேசி இயக்குபவர், வெல்டர் என்று எந்த வேலையாக இருந்தாலும் இதே வழிதான். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள சில கேள்விகள்: சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் கையில் என்ன வேலையைக் கொடுத்தார்கள்? அதை யார் கற்றுக்கொடுத்தார், வாயால் சொன்னாரா, செய்து காட்டினாரா? எல்லாரும் பயந்த தவறு எது, அது நடந்தால் என்ன ஆகும்? உங்கள் இடத்தில் மட்டும் புழங்கிய பேச்சுவழக்கு, பட்டப்பெயர்கள் என்னென்ன? இயந்திரம் நின்றுபோனால், மின்சாரம் போனால் என்ன செய்தீர்கள்? கம்ப்யூட்டர் வந்த அன்று யார் முகம் எப்படி இருந்தது? வீட்டு வேலையையே முழுநேரமாகப் பார்த்தவர்களுக்கும் இது பொருந்தும், அவர்களுக்குப் பிரிவு உபசார விழா நடக்காததால் அவர்களுடைய வேலை வேலை இல்லை என்று ஆகிவிடாது. மாத வருமானத்தை எப்படிப் பிரித்தீர்கள், பற்றாக்குறை வந்த மாதம் எதை முதலில் நிறுத்தினீர்கள் என்று எழுதினால் அது முழு நிர்வாகப் பாடம்.

சிக்கல் ஒன்று இருக்கிறது: நடு வயது. முப்பதுவரை ஞாபகம் அடர்த்தியாக இருக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவே எல்லாம் ஒரே நாள் போலக் கலந்து கிடக்கும். காலையில் போனேன், மாலையில் வந்தேன் என்பதைத் தவிர ஒன்றும் வராது. இதற்கு வெளியிலிருந்து உதவி தேவை. பழைய சம்பளச் சீட்டு, இடமாற்ற உத்தரவு, வங்கிப் பாஸ்புக், டைரி, பிள்ளைகளின் மதிப்பெண் அட்டை, பழைய முகவரிகள் எழுதிய சின்ன நோட்டு, இவற்றை எல்லாம் ஒரு மேசையில் பரப்புங்கள். பிறகு ஒரு நீளமான தாளில் நான்கு வரிசை போடுங்கள்: குடியிருந்த வீடு, மேலதிகாரி, ஓட்டிய வண்டி, பிள்ளைகள் படித்த வகுப்பு. பிள்ளை இல்லாதவர்கள் வேறு எதையாவது வைத்துக்கொள்ளலாம். "அந்த வீட்டில் இருந்தபோது, அந்த மேனேஜர் காலத்தில்" என்று இரண்டு வரிசை சந்திக்கும் இடத்தில் ஒரு சம்பவம் நிச்சயம் மாட்டும். வருடத்தைவிட வீடும் மேலதிகாரியும் நல்ல கொக்கி.

அடுத்தது மனக்குறை. கிடைக்க வேண்டிய பதவி கிடைக்காமல் போனது, செய்யாத தவறுக்கு விளக்கம் கேட்டது, கூட இருந்தவரே கோள் சொன்னது, இதெல்லாம் இல்லாத பணிக்காலம் கிடையாது. இதைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-லேயே, முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான ஒன்று, தீராமல் கிடக்கும் பழைய பிணக்குகள் மேலே வருவதும் அதில் ஒரு பகுதி என்று எழுதினார். வயதானவர் பழசையே பேசினால் மூளை தளர்கிறது என்று பலர் நினைத்த காலம் அது. ஆனால் எல்லாத் திரும்பிப் பார்த்தலும் ஒன்றல்ல. பால் வாங், லிசா வாட் இருவரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், நடந்ததற்குப் பொருள் கண்டு ஏற்றுக்கொள்வதும், முன்பு ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தோம் என்று நினைப்பதும் நல்ல முதுமையோடு சேர்ந்து இருந்தன. குற்ற உணர்விலும் கசப்பிலும் சுற்றிச் சுற்றி வருவது அப்படி இல்லை.

ஆகவே மனக்குறையை ஒரே தடவை, முழுசாக, என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அந்தத் தாளிலேயே "அதற்கு அடுத்த நாள் நான் என்ன செய்தேன், அடுத்த வருடம் என்ன செய்தேன்" என்றும் எழுதுங்கள். இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிட்டால்தான் மனம் அதே இடத்தில் சுற்றும். எழுதியதைத் தனி உறையில் வையுங்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரைக் கெடுக்கும் எதையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். நோயாளிகள், வாடிக்கையாளர்கள், மாணவர்கள் பற்றிப் பணியின்போது தெரிந்த ரகசியங்களைப் பெயரோடு எழுதவே வேண்டாம். எழுத எழுத நெஞ்சு கனத்து, தூக்கம் கெட்டு, நாள் கணக்கில் அதே யோசனையாக இருந்தால் அந்த உறையை மூடிவைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்.

பொழுதுபோக்கு

இதை எழுதுவதைவிடச் செய்து பார்ப்பதுதான் வழி. பழைய தபால்தலை ஆல்பத்தை எடுங்கள், மட்டையைப் பிடியுங்கள், ஆர்மோனியத்தைத் துடையுங்கள். வாயால் சொல்ல முடியாததைக் கை வைத்திருக்கும். பல வருடம் தொடாத கேரம் ஸ்ட்ரைக்கரை விரல் தானாகவே சரியான கோணத்தில் வைக்கும். கால் மணி நேரம் செய்துவிட்டு, உடனே உட்கார்ந்து வந்ததை எழுதுங்கள். யாரிடமிருந்து தொற்றியது இந்தப் பழக்கம், வீட்டில் யார் திட்டினார்கள், எந்த வருடம் நின்றுபோனது, ஏன்? நின்றுபோன பொழுதுபோக்குகளுக்கு ஒரு தாள் கட்டாயம் ஒதுக்குங்கள். வேலையும் குடும்பமும் எதை விழுங்கின என்பது அங்கேதான் தெரியும், மறுபடி தொடங்க எது காத்திருக்கிறது என்பதும் தெரியும். தொடங்கினால் போட்டிக்குத் தயாராகிற மாதிரி வேண்டாம், பிடித்ததற்காகவே செய்யுங்கள்.

எழுதக் கை ஒத்துழைக்காதவர்கள்

பேசுங்கள். போனிலேயே குரல் பதிவு இருக்கிறது. தனியாகப் பேசினால் கூச்சமாக இருக்கும், ஆகவே எதிரில் ஒருவர் இருக்கட்டும், பேரன் பேத்தியாக இருந்தால் நல்லது, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் "ஸ்டென்சில்னா என்ன தாத்தா?" என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான் தங்கம். பதிவின் தொடக்கத்தில் தேதியும் பேசுபவர் பெயரும் சொல்லிவிடுங்கள். மின்விசிறிச் சத்தமும் தொலைக்காட்சியும் இல்லாத அறை போதும். கேட்பவருக்கு ஒரே ஒரு விதி: பேசுபவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. கொஞ்சம் பொறுத்தால் அவரே தொடர்வார், பல நேரம் அப்போதுதான் முக்கியமானது வரும்.

படங்களையும் காகிதங்களையும் பத்திரப்படுத்துவது

புகைப்படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும், மையும் ஊறலாம். மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள். பசைப் பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் பழைய ஆல்பங்கள் படத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். வரவில்லையென்றால் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படங்களை 600 டிபிஐ-யில் (ஸ்கேனர் எவ்வளவு நுணுக்கமாகப் படமெடுக்கிறது என்பதன் அளவு) ஸ்கேன் செய்தால் பெரிதாக்கினாலும் முகம் தெளிவாக இருக்கும். சான்றிதழ்களை லேமினேட் செய்ய வேண்டாம், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. கோப்பின் பெயரில் இருப்பவர்கள் பெயரையும் இடத்தையும் போடுங்கள், கேமரா தானாக வைக்கும் எண்களை வைத்து நாளை யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ.

யாரிடம் எப்போது காட்டுவது

முடிந்த பிறகு மொத்தமாகப் புத்தகம் போட்டுக் கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், முடிவது எப்போது என்று யாருக்கும் தெரியாது, கனமான புத்தகத்தை வீட்டில் யாரும் உடனே எடுத்துப் படிப்பதும் இல்லை. ஒரு பக்கம் எழுதியதும் அதில் வரும் ஆளுக்கே முதலில் அனுப்புங்கள். தங்கையைப் பற்றி எழுதியதைத் தங்கைக்கு, கூட வேலை பார்த்தவரைப் பற்றி எழுதியதை அவருக்கு. அச்சில் கொடுத்தால் தாளின் வலது பக்கம் மூன்று விரல் அகலம் இடம் விட்டு, "நீ பார்த்ததை இங்கே எழுது" என்று மேலே எழுதி, கூடவே ஒரு பென்சிலும் கொடுங்கள்.